மணிக்கூட்டுக் கோபுரம் காட்டுவது யாருடைய நேரம்?

திருகோணமலையில் பஸ்ஸில் வருகிறவருக்கு "மணிக்கூட்டுக் கோபுரத்தடியில இறங்குங்கோ" என்று வழி சொன்னால் போதும், இறங்கிவிடுவார். அந்த மணிக்கூடு இப்போது எத்தனை மணி காட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள், சொன்னவரும் கையிலுள்ள போனைத்தான் பார்ப்பார். யாழ்ப்பாணம், காலி, கண்டி என்று எந்த ஊர்க் கோபுரத்தை எடுத்தாலும் கதை இதுதான். கோபுரம் அடையாளமாக நிற்கிறது, மணிக்கூடு பல வேளைகளில் அதுபாட்டுக்கு நிற்கிறது.

இவற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. ஒருவரை நினைவுகூர ஏன் போயும் போயும் மணிக்கூடு? திருத்தித் திருத்தி ஏன் திரும்பவும் நின்றுபோகிறது? அப்புறம், ஒரே சம்பவத்துக்கு ஒருவர் ஒரு நேரமும் இன்னொருவர் அரை மணித்தியாலம் தள்ளி வேறொரு நேரமும் சொன்னால் யார் சொல்வது சரி? மூன்றாவது கேள்வி திருகோணமலை மாவட்டத்துக்கே உரியது என்று சொல்லலாம். அதற்குப் போக முன் அடிப்படையிலிருந்து வருவோம்.

நினைவுக்கு ஏன் மணிக்கூடு

நம்மிடம் இதற்கு ஒரு பழைய மாதிரி இருக்கிறது: சுமைதாங்கி. பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்துபோன பெண்ணின் நினைவாக வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திவிடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து மூச்சு விடலாம். தண்ணீர்ப்பந்தல், கேணி, மடம் எல்லாம் இதே கணக்கு. இறந்தவர் பேரில் ஊருக்கு ஒரு பயன்.

19ஆம் நூற்றாண்டில் ஊருக்குப் புதிதாகத் தேவைப்பட்ட பயன் நேரம். அதற்கு முன்னும் நேரம் இருந்தது, ஆனால் அது வேறு வகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம், கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, சூரியன் நிற்கும் உயரம். தோட்டத்துக்கும் கடலுக்கும் போகிறவருக்கு இது தாராளம். கச்சேரி எனும் அரச அலுவலகம், நீதிமன்றம், தபால், பிறகு ரயில் என்று வந்தபோது இது போதவில்லை. "வெயில் ஏறுவதற்குள் வாருங்கள்" என்று நீதிமன்றம் அழைப்பாணை அனுப்ப முடியாது. வீட்டில் மணிக்கூடு வைத்திருந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிய காலத்தில், எல்லோரும் அண்ணாந்து பார்க்கக்கூடிய ஒரு பொது மணிக்கூடு தேவையாக இருந்தது.

ஆக, சுமைதாங்கியின் இடத்துக்கு மணிக்கூடு வந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசம் உண்டு, இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான். சுமைதாங்கியை ஒருமுறை நட்டால் போதும், யாரும் போய் முறுக்கி விட வேண்டியதில்லை. மணிக்கூட்டை வாரத்துக்கு ஒருமுறையாவது யாரோ முறுக்க வேண்டும். நன்கொடையாளர் கல்லுக்கும் சாந்துக்கும் பணம் கொடுக்கிறார், பெயர் பொறிக்கிறார், போய்விடுகிறார். முறுக்குகிறவரின் சம்பளம் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இலங்கையில் எப்படி வந்தன

1. கொழும்புக் கோட்டையிலுள்ளது நினைவுக் கோபுரம் அல்ல, ஆனாலும் முதலில் சொல்ல வேண்டியது. மணிக்கூடு 1814இலேயே வாங்கப்பட்டுவிட்டது. செலவைக் காரணம் காட்டி அது களஞ்சியத்தில் கிடந்து, ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி வரைந்த கோபுரத்தில் 1857இல்தான் ஏறியது. நாற்பது வருடத்துக்கு மேல் நேரம் காட்டாமல் பெட்டிக்குள் இருந்த மணிக்கூடு! பின்னர் அதே கோபுரத்தின் உச்சியில் வெளிச்சவீட்டு விளக்கையும் ஏற்றினார்கள்.

2. யாழ்ப்பாணக் கோபுரம் பிரித்தானிய இளவரசர் அல்பேர்ட் எட்வேர்ட் 1875இல் இலங்கை வந்ததன் நினைவாக எழுந்தது. அரச கட்டடக் கலைஞர் ஸ்மிதர் வரைந்தது. போரில் சிதைந்து பின்னர் சீரமைக்கப்பட்டது, அப்போது மணிக்கூடுகளைத் தந்து உதவியவர் இன்னொரு இளவரசர், சார்ள்ஸ்.

3. காலிக் கோட்டையிலுள்ளது 1883ஆம் ஆண்டுக்குரியது, டொக்டர் பி. டி. அந்தோனிஸ் என்ற வைத்தியருக்கு ஊர் செலுத்திய நன்றி. கோபுரத்துக்கு ஊர்மக்கள் பணம் சேர்த்தார்கள், மணிக்கூட்டை அவரிடம் சுகம் பெற்ற முதலியார் ஒருவர் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால் வைத்தியர் அதற்குப் பிறகும் இருபது வருடம் உயிரோடு இருந்தார். தன் "நினைவு" மணிக்கூட்டைத் தானே பார்த்து நேரம் சரிசெய்துகொண்ட மனிதர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

4. கொழும்புப் புறக்கோட்டையில் 1923இல் வந்த கான் மணிக்கூட்டுக் கோபுரம் பார்சி வணிகக் குடும்பம் ஒன்று தந்தைக்காகக் கட்டியது. கண்டியில் 1950இல் திறக்கப்பட்டதோ மகனை இழந்த தந்தை கட்டியது.

முதலில் அரச குடும்பம், பிறகு ஊர்ப் பெரியவர், கடைசியில் ஒரு வீட்டின் துக்கம் என்று நினைவு படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது. பராமரிப்பு மட்டும் எல்லா இடத்திலும் கடைசியில் உள்ளூராட்சி மன்றத்தின் தலையில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

பழைய கோபுர மணிக்கூட்டுக்குள் எண்ணெய் பூசிய இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும், அதில் பற்சக்கரங்கள். பக்கத்தில் ஒரு உருளை, அதில் சுற்றிய கம்பிவடம், வடத்தின் நுனியில் ஒரு பாரம். பெரிய கோபுரங்களில் இந்தப் பாரம் நூற்றுக்கணக்கான கிலோ இருக்கும். பாரம் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதுதான் மணிக்கூட்டின் சக்தி. கோபுரம் உயரமாக இருப்பது தூரத்திலிருந்து தெரிய மட்டுமல்ல, பாரம் இறங்க ஆழம் வேண்டும் என்பதற்காகவும்தான். பாரம் தரையைத் தொட்டுவிட்டால் மணிக்கூடு நிற்கும். எட்டு நாள் ஓடும் மணிக்கூடு என்றால் வருடத்துக்கு 52 தடவை ஒருவர் ஏணியில் ஏறி, கைபிடியைச் சுழற்றி, அந்தப் பாரத்தை மேலே தூக்கிவிட்டு இறங்க வேண்டும். அவர் ஓய்வு பெற்று, பதிலுக்கு ஆள் போடாத மாதத்தில் மணிக்கூட்டின் கதை முடிகிறது. எந்திரத்தில் பழுது என்று எல்லோரும் சொல்வார்கள், பழுது பதவி நிரப்பாததில்.

பாரம் ஒரேயடியாக விழுந்துவிடாமல் துளித்துளியாக இறங்க விடுவது ஊசல். ஒரு பக்கம் போக ஒரு செக்கன் எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99 சென்ரிமீற்றர். நீளம் கூடினால் ஆட்டம் மெதுவாகும், குறைந்தால் விரைவாகும். வெயிலில் உருக்குக் கம்பி நீளும்: 10 பாகை சூடு கூடினால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 5 செக்கன் பிந்தும், வாரத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல். திருத்துவது எளிது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூட்டில் ஊசலின் மேல் பழைய பென்னி நாணயம் ஒன்றை வைப்பார்கள், நாளுக்கு 0.4 செக்கன் முந்தும். எடுத்தால் அதே அளவு பிந்தும். ஆனால் வைக்கவும் எடுக்கவும் ஓர் ஆள் வேண்டுமே!

சரி, நாலு பக்கமும் நாலு நேரம் காட்டுகிறதே, அது எப்படி? பழைய முறையில் நடுவில் எந்திரம் ஒன்றுதான். அதிலிருந்து புறப்படும் தண்டுகள் நாலு முகத்துக்கும் போய் முட்களைச் சுழற்றும். எனவே கீழே நின்றே ஓரளவு நோய் பார்க்கலாம்.

1. நாலும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால்: எந்திரமே நின்றுவிட்டது. முறுக்கவில்லை, அல்லது மின்சாரம் வரவில்லை.

2. மூன்று ஒரே நேரம், ஒன்று மட்டும் வேறு என்றால்: எந்திரம் நலம், அந்த முகத்துக்குப் போகும் தண்டோ முள்ளின் பிடிப்போ கழன்றிருக்கிறது. பிடிப்பு விட்ட பெரிய முள் தன் பாரத்தால் கீழே தொங்கிவிடும், அதாவது ஆறாம் எண்ணில். ஒரு முகம் மட்டும் எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு "அரை மணி" காட்டினால் பெரும்பாலும் இதுதான்.

3. நாலும் நாலு நேரம் என்றால்: பெரும்பாலும் பழைய எந்திரத்தை எடுத்துவிட்டு முகத்துக்கு ஒன்றாகத் தனித்தனி மின் மணிக்கூடு பூட்டியிருக்கிறார்கள். மின் அலையை எண்ணி ஓடும் மோட்டர் என்றால் கரன்ட் போன ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு நிமிடம் பிந்தும். நாலும் சேர்ந்து பிந்தினால்கூடப் பரவாயில்லை. ஒன்று துருப்பிடித்துத் திணறும், ஒன்றின் பற்றரி முடிந்திருக்கும், ஒன்றைப் போன வருடம் மாற்றியிருப்பார்கள்.

திருகோணமலையில் இதற்கு மேல் உப்பு. நகரம் இருப்பதே ஒரு பக்கம் உள்துறைமுகமும் மறுபக்கம் விரிகுடாவுமாக இரண்டு தண்ணீருக்கு நடுவிலுள்ள நிலத்தில். கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் ஏதோவொரு கடலின் ஈரம் வந்து சேரும். சைக்கிள் சங்கிலியே நாலு மாதத்தில் சிவக்கிற ஊரில், உயரத்தில் திறந்தவெளியில் நிற்கும் முள்ளுக்கும் அதன் அச்சுக்கும் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புறா உட்கார்ந்து பெரிய முள்ளைக் கீழே தள்ளுவது தனிக் கணக்கு.

இதனால்தான் "மணிக்கூட்டைத் திருத்திவிட்டார்கள்" என்ற செய்தி வந்தால் கேட்க வேண்டியது செலவுத் தொகையை அல்ல. வருடாந்தப் பராமரிப்புக்கு ஒப்பந்தம் உண்டா, கரன்ட் போய் வந்தால் தானாகச் சரியான நேரத்துக்கு வருமா, கோபுரக் கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டால் அந்த மணிக்கூட்டின் ஆயுளை ஓரளவு சொல்லிவிடலாம்.

மணிக்கூடு சரி, நேரம் எது?

இனித்தான் சிக்கலான பகுதி. மணிக்கூடு பழுதில்லாமல் ஓடினாலும் அது எந்த நேரத்தைக் காட்ட வேண்டும் என்பதை யாரோ முடிவு செய்ய வேண்டும். சூரியன் முடிவு செய்வதில்லை.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். திருகோணமலை கிழக்கு நெடுங்கோடு 81 பாகை 14 கலையில் இருக்கிறது, கொழும்பு 79 பாகை 51 கலையில். ஆகவே சூரியன் கோணேசர் மலைக்கு நேரே உச்சிக்கு வந்து ஐந்தரை நிமிடம் கழித்தே கொழும்பில் உச்சிக்கு வரும். ஒரே தீவில் இரண்டு ஊர்களின் இயற்கையான நேரமே ஒன்றல்ல. பிறகு அரசாங்கம் போட்ட நேரங்கள் வருகின்றன:

1. 1906க்கு முன்: உலக நேரக் கணக்கின் தொடக்கமான லண்டன் கிறீன்விச்சுக்கு 5 மணி 19½ நிமிடம் முன்னால். கொழும்புப் பக்கத்துச் சூரியனை ஒட்டியது, திருகோணமலைக்கு ஐந்தரை நிமிடம் பிந்தியது.

2. 1906 முதல்: 5 மணி 30 நிமிடம் முன்னால், இந்தியாவோடு ஒன்றாக. இப்போது திருகோணமலையில் நடுப்பகல் சராசரியாக 12:05க்கு.

3. 1942 ஜனவரியிலிருந்து போர்க்கால நேரம்: முதலில் அரை மணி முன்னே தள்ளினார்கள், அதே ஆண்டு செப்டெம்பரில் இன்னும் அரை மணி. 1945 ஒக்டோபரில் பழையபடி.

4. 1996 மே 25: மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஒரு மணித்தியாலம் முன்னே. ஆறு மணிக்கு முன் விடிகிற ஊரில் விடியல் ஏழை நெருங்கியது.

5. 1996 ஒக்டோபர் 26: அரை மணி பின்னே. அதாவது கிறீன்விச்சுக்கு 6 மணி முன்னால்.

6. 2006 ஏப்ரல் 15: திரும்பவும் 5:30. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பது பலகாலம் இருந்த குறை. இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இந்த மாற்றத்தை எதிர்த்தார். 1950களில் கோணேசர் மலையடிக் கடலில் சுழியோடிய அதே கிளார்க்தான்.

மேலே நாலாவதும் ஐந்தாவதும் நாடு முழுவதற்கும் போட்ட உத்தரவுகள். ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அவற்றை ஏற்கவில்லை, 5:30இலேயே நின்றன. வன்னியில் இது நடந்தது பலருக்கும் தெரியும். திருகோணமலை மாவட்டத்தில் எல்லை மாவட்டத்துக்குள்ளேயே ஓடியது. நகரம் அரச நேரத்தில். விரிகுடாவுக்கு அக்கரையில், கட்டைபறிச்சான் தாண்டி சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் பழைய நேரத்தில். கிட்டத்தட்ட பத்து வருடம், முதல் ஐந்து மாதம் ஒரு மணித்தியால இடைவெளி, பிறகு அரை மணித்தியாலம்.

கணக்கை ஒரு நாளுக்குள் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். நகரத்தில் 8:30க்கு ஒரு அலுவலக வேலை என்றால் சம்பூரிலிருந்து வருகிறவரின் கைக்கடிகாரத்தில் அது 8:00. திரும்பிப் போகும்போது நகரத்தில் ஐந்து மணிக்குப் புறப்பட்டு ஒரு மணித்தியாலம் பயணம் செய்தால் வீட்டுச் சுவர் மணிக்கூட்டில் ஐந்தரை. அரை மணித்தியாலம் சும்மா கிடைத்ததுபோல இருக்கும், அடுத்த தடவை வரும்போது அது பறிபோகும். அதனால் யார் நேரம் சொன்னாலும் "பழைய நேரமோ புதிய நேரமோ?" என்று ஒரு கேள்வி கூடவே வரும்.

நகரத்துக்குள்ளும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடவில்லை. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது என்பது வாய்ப்பாடு மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம். அது சூரிய உதயத்திலிருந்து வந்த கணக்கு. மணிக்கூட்டை அரை மணி முன்னே தள்ளினால் ராகுகாலம் எட்டு முதல் ஒன்பதரை என்று ஆகும், ராகு மனிதர் போட்ட வர்த்தமானிக்கெல்லாம் கட்டுப்படாது. சூரியனைப் பார்த்து வைக்கும் தொழுகை நேர அட்டவணைகளும் அப்படியே அரை மணி நகர வேண்டும். இரண்டு சமயத்தாரும் அரச நேரத்தில் அலுவலகம் போய், சூரிய நேரத்தில் கும்பிட்டார்கள், தொழுதார்கள்.

2006 ஏப்ரல் 15 அதிகாலை நகரத்து மணிக்கூடுகளும் சம்பூர் மணிக்கூடுகளும் மீண்டும் ஒரே நேரம் காட்டின. அதே மாதக் கடைசியில் சம்பூர்ப் பக்கம் விமானத் தாக்குதல், செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூர் இராணுவத்தின் கையில். நேரம் ஒன்றாகியிருந்த அந்த நாட்களில் மக்கள் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பழைய நேரத்தை வாசிப்பது எப்படி

மேலே சொன்னதெல்லாம் தெரிந்தால் ஒரு கல்வெட்டிலோ குறிப்பிலோ உள்ள நேரத்தை அப்படியே விழுங்க மாட்டோம். இரண்டு எடுத்துக்காட்டுகள்.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அப்போது இலங்கை போர்க்கால நேரத்தில், கிறீன்விச்சுக்கு 6 மணி முன்னால் இருந்தது. ஜப்பானியக் கடற்படையோ எங்கே போனாலும் தோக்கியோ நேரத்தில் குறிப்பு எழுதும், அது 9 மணி முன்னால். எனவே இரு தரப்புக் குறிப்புக்கும் இடையில் மூன்று மணித்தியாலம். இதைக் கவனிக்காமல் இன்றைய கணக்கில் மூன்றரையைக் கழித்தால் தாக்குதல் நடந்ததற்கு அரை மணித்தியாலம் முன்பே குண்டு விழுந்துவிடும்.

மற்றது சுனாமி. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் கிறீன்விச் நேரம் 00:58க்கு. அரச மணிக்கூட்டில் அது காலை 6:58. சம்பூரிலோ ஈச்சிலம்பற்றிலோ 6:28. அலை இந்தக் கரைக்கு வந்த நேரத்தைப் பற்றி நகரத்தவர் ஒன்றும் அக்கரையார் அரை மணி குறைத்து வேறொன்றும் சொன்னால் யாருடைய நினைவிலும் பிழையில்லை. அவரவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 காலை 9:25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம். 2004இல் அரச மணிக்கூட்டில் 9:25 ஆக இருந்த கணம், 2006இல் மணிக்கூட்டைப் பின்னே தள்ளிய பிறகு, இன்றைய கணக்கில் 8:55. சூரியன் அன்று நின்ற உயரத்தில் இன்று நிற்பது ஐந்து குறைய ஒன்பதுக்கு. நாம் எழுந்து நிற்பது அதற்கு அரை மணித்தியாலம் கழித்து, மணிக்கூடு அன்று காட்டிய எண்ணுக்காக.